எந்தப் புத்தகத்து விலை?

பிப்ரவரி 3

பல் டாக்டர் கிளினிக் மாடியில் நாணயம் சேகரிப்போர் சங்கக் கூட்டம். மறுபடியும் அதே சண்டை. மருந்துக்கடைக்காரர் ஒரு காசை விற்பதற்கு நீல அட்டை விலைப் புத்தகத்தைத் திறந்தார். வாங்க வந்த பல் டாக்டர் சிவப்பு அட்டையைத் திறந்தார். ஒரே காசு, ஒரே மேஜை, விலை மட்டும் மூன்று மடங்கு வித்தியாசம். கடைசியில், சங்கத்துக்கென்று ஒரே புத்தகம் வேண்டும், அதைத் தேர்ந்தெடுக்க ஒரு நபர் குழு வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அந்த நபர் நான்.

"உங்களுக்குத்தான் மேடம் எந்தப் பக்கமும் கிடையாது" என்றார் தலைவரான பல் டாக்டர். பெருமை தாங்கவில்லை எனக்கு. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"சம்பளம் உண்டா?" என்றார்.

பிப்ரவரி 6

இரண்டையும் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே கொண்டுபோய், ஆள் இல்லாத நேரத்தில் படிக்கிறேன். சிவப்பு தலையணை கனம்; வருஷக்கணக்கில் திருத்தவே இல்லை, எல்லா விலையும் அடிமட்டம். நீலத்தை எழுதியவர் நாணய வியாபாரி. முதல் பக்கத்தில் அவர் கடை விளம்பரம். விளம்பரத்தில் இருக்கும் காசெல்லாம் உள்ளே 'மிக அரிது'. மற்றதெல்லாம் 'சாதாரணம்'.

போனில் ஒரு செயலியும் இருக்கிறதாம். விலையைப் பார்ப்பதற்கே காசு கேட்கிறது. விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 9

மருந்துக்கடைக்காரர் கண் பரிசோதனைக்கு வந்தார். கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

"எனக்காகச் சொல்லலைங்க மேடம். நீலப் புத்தகத்துல படமெல்லாம் தெளிவா இருக்கு. புதுசா சேர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்."

போகும்போது ஒரு கூலிங்கிளாஸ் வேறு வாங்கிக்கொண்டு போனார். அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10

பல் டாக்டரிடமிருந்து செய்தி: பல் சுத்தம் செய்ய எப்போ வேணும்னாலும் வாங்க, கட்டணம் கிடையாது, சிவப்புப் புத்தகத்தோட முன்னுரையையும் படிச்சுப் பாருங்க.

பிப்ரவரி 13

இன்றுதான் ஆராய்ச்சி என்று உட்கார்ந்தேன். முதலில் எந்தக் காசைத் தேடினேன்? என்னுடையதைத்தான். அச்சு விலகிப்போய், ராஜாவின் மூக்கு விளிம்பில் தொங்குமே, அது. சிவப்பில் அப்படி ஒரு காசே கிடையாது. நீலத்தில் அதற்கு ஒரு ஸ்கூட்டர் விலை!

அதிலிருந்து நீலப் புத்தகத்தின் தாள் தரமாகத் தெரிகிறது. எழுத்தும் பெரிதாக, கண்ணுக்கு இதமாக... சீச்சீ. நானுமா?

பிப்ரவரி 17

கூட்டத்தில் பாட்டு டீச்சர் எழுந்தார். மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறாராம். தன் காசு ஆல்பம் முழுவதையும் விற்கிறார். "எந்தப் புத்தகம்னு முடிவு பண்ணுங்க. அதுபடியே எல்லாரும் வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த நிமிஷமே மருந்துக்கடைக்காரர், "யோசிச்சுப் பார்த்தா சிவப்புதான் நேர்மையான புத்தகம்" என்றார். பல் டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சங்கம் ஆரம்பித்த நாள் முதல் இந்த இரண்டு பேரும் எதிலாவது ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அறிக்கை அடுத்த கூட்டத்தில் வேண்டுமாம்.

பிப்ரவரி 18

டீச்சர் வீட்டுக்குப் போனேன். பாதி சாமான் பெட்டிக்குள் போய்விட்டது.

"நீ எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் சரிம்மா. பேரம் பேசத் தெம்பில்ல எனக்கு. மருமகன் வீட்டுல ஒவ்வொண்ணுக்கும் கையை நீட்டாம இருந்தாப் போதும்."

ஆல்பத்தைக் காட்டினார். அதில் அந்தப் பாய்மரக் கப்பல் போட்ட வெள்ளிக் காசு. எத்தனை வருஷமாக நான் தேடுவது! வாய் என்னவோ "கவலைப்படாதீங்க டீச்சர்" என்றது. மனசு அதற்குள் சிவப்புப் புத்தகத்தின் விலையைப் போட்டுப் பார்த்துவிட்டது. டீச்சர் எனக்கு மோர் கொண்டுவந்து தந்தார். சே, என்ன ஜென்மம் நான்.

பிப்ரவரி 24

எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

மார்ச் 3

அறிக்கையை வாசித்தேன். சின்னதுதான். "சிவப்புப் புத்தகத்தையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் டீச்சரிடம் அந்த விலைக்கு வாங்குகிறவர்கள், தங்களிடம் இருப்பதை யார் கேட்டாலும் ஒரு வருஷத்துக்கு அதே விலைக்குக் கொடுக்க வேண்டும்."

"இது நடைமுறைக்கு ஒத்து வராதுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். பல் டாக்டர் ஐந்து நபர் குழு ஒன்று அமைக்கலாம் என்றார். அப்போதுதான் டீச்சர் எழுந்தார். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் அடக்குகிற குரல்.

"ரெண்டு புத்தகத்தையும் மூடுங்க. நான் ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுறேன். வேணுங்கறவங்க கையைத் தூக்கி விலை சொல்லுங்க."

முதலில் ஒரு காசுக்குப் பல் டாக்டர் கை உயர்ந்தது. அவருக்குப் போய்விடுமே என்று மருந்துக்கடைக்காரர் கை. பிறகு நிற்கவே இல்லை. சில காசு சிவப்பு விலைக்குக்கூடப் போகவில்லை. பாதிக்கு மேல் நீல விலையைத் தாண்டி ஓடியது. கப்பல் காசு வந்ததும் மூன்று கைகள். மூன்றாவது கை யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன்.

என்னுடையது. நீல விலையைத் தாண்டியும் அது இறங்கவில்லை.

மார்ச் 9

டீச்சரை ரயிலேற்றிவிட்டு வந்தேன். "போனதும் எனக்குன்னு தனியா ஒரு கட்டில் வாங்கப்போறேன். நல்ல கட்டிலா" என்றார் ஜன்னல் வழியாக. முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

சாயங்காலம் இவர் கப்பல் காசை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. எவ்வளவு ஆச்சு?"

எழுந்துபோய்ச் சிவப்புப் புத்தகத்தை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"பரவாயில்லையே" என்றார்.