நீங்கள் சீவிக் கொடுத்த சீவாளி

சார்,

நேற்று உங்கள் மகன் உங்கள் பசூன் குழலைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்ததும் பழைய மரமும் உங்கள் மூக்குப்பொடியும் கலந்து நாறின. "அப்பாவோட மூத்த சிஷ்யை நீங்கதானுங்கக்கா. நினைவுக் கூட்டத்துல ரெண்டு வார்த்தை பேசோணும்" என்றார். கூட்டத்து பிளெக்ஸில் உங்களுக்கு 'இசை வள்ளல்' என்று பட்டம். வள்ளலாம். பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சென்னையில் சினிமாப் பாட்டுக்கு வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவில் ஆளுயரக் குழலோடு உட்கார்ந்திருந்தவர் நீங்கள். திருச்செங்கோட்டில் மரியாதை கிடைக்க அது போதும். போர்வெல் போடும் ரிக் லாரிகளின் பட்டறைக்காரர் மகளான நானும் மயங்கினேன். ஞாயிறுதோறும் ஊருக்கு வந்து மூச்சையும் விரலையும் சொல்லிக் கொடுத்தீர்கள். குழல் முனையில் வைத்து ஊதும் நாணல் சீவாளியைச் சீவ மட்டும் யாருக்கும் கற்றுத்தரவில்லை. "அது உங்களுக்கெல்லாம் வராது" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு சீவுவீர்கள். அதை வித்தை என்று நினைத்தோம். வெறும் கஞ்சத்தனம்.

உங்கள் ஆர்க்கெஸ்ட்ராவிலேயே இன்னொரு பசூனுக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வுக்குச் சென்னை போக நான் சேலத்தில் ரயிலேறும்போது புதுச் சீவாளி ஒன்றைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொண்டீர்கள். "இப்ப ஊதிப் பார்க்காத. அங்க போயி நனைச்சுக்க."

அங்கே என் கீழ்ஸ்வரம் ஒன்றுகூடப் பேசவில்லை. காற்றுதான் வந்தது. தேர்வுக்கு வந்திருந்த பெரியவர் சீவாளியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அடிப்பக்கம் சீவவே இல்லையேம்மா. யார் கொடுத்தது?" உங்கள் பெயரைச் சொல்லாமல் சீவாளியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

திரும்பி வந்து உங்களிடமே கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். "ரெண்டு பேரும் அங்க உக்காந்தா அப்புறம் என்னைய எவன் கூப்புடுவான் சாமி?" என்றீர்கள். ரசம் ஊற்றச் சொல்லிக் கையை நீட்டினீர்கள். அதன்பின் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. எத்தனையோ சீவாளிகளைப் பாழாக்கி நானே சீவக் கற்றேன். கொஞ்ச வருஷத்தில் கீபோர்டு வந்தது. அவ்வளவு பாதுகாத்த நாற்காலியிலிருந்து உங்களை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை.

இப்போது நானும் சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் குமாரபாளையத்திலிருந்து வரும் பெண் ஒரு நீண்ட ராகத்தை என்னைவிட நன்றாக வாசித்தாள். நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. யாரிடமிருந்து தொற்றியது என்று உடனே தெரிந்தது. உங்களிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான், சார்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருந்துச்சு சாமி. என்னையவிட நல்லா வாசிச்சே" என்றேன். சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.