மதினி தட்டிய கண்ணாடி

ஐப்பசி 12, வியாழன். விளாத்திகுளம்.

விமானத்தில் மின்னல் விழுந்தால் மின்சாரம் எந்த வழியாக ஓடும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. உலோகக் கூட்டின் வெளிப்பக்கமாகவே ஓடிவிடும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. காரும் அப்படித்தான். அதனால்தான் இன்று உளுந்துக் காட்டில் மழையோடு முதல் இடி விழுந்ததும் ஓடிப்போய்க் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

களையெடுத்துக்கொண்டிருந்த மதினியைக் கூப்பிடவில்லை. அந்த நினைப்பே வரவில்லை.

மதினி களைக்கொத்தியைத் தூர எறிந்துவிட்டு, இடி தாக்காமல் இருக்க "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே, வெட்டவெளியில், கரிசல் சகதியில் என்னை நோக்கி ஓடி வந்தார். கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, வண்டி பூரா இரும்புல்லா! இடிய இழுக்கும், இறங்குங்க!"

என்னைக் காப்பாற்ற வந்திருக்கிறார். கதவைத் திறந்து உள்ளே இழுத்திருக்கலாம், ஒரு நொடி வேலை. அந்த நொடியில் அடுத்த மின்னல் விழுந்துவிட்டால்? தள்ளிப் போகும்படி கை காட்டினேன். மழை விடும்வரை மதினி காருக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி தோசை சுடும்போது அண்ணனிடம் சொன்னார்: "பாவம், இறங்கக்கூட முடியாம பயந்துட்டாவ. தனியா விட்டுட்டு வர மனசு வரல."

காருக்குள் இருந்தால் ஆபத்தில்லை என்று மதினிக்குச் சொல்ல வேண்டும். சொன்னால், தெரிந்தேதான் கதவைத் திறக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும். தோசையைத் தின்றுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வடக்கே இன்னும் மின்னுகிறது. பாதிக் களை மிச்சம் இருக்கிறதாம். காலையில் மதினி மறுபடி காட்டுக்குப் போகிறார்.