சுவருக்குப் போட்ட வெளிச்சம்

வின்னிபெக்,
பிப்ரவரி 9

அன்பு மகள் லாரிசாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். விக்டோரியாவில் நீ சுகமாக இருப்பது உன் அண்ணன் சொல்லித்தான் தெரிகிறது, நீயே இரண்டு வரி எழுதினால் இன்னும் நிம்மதியாக இருக்கும். இங்கே மைனஸ் முப்பது குளிர், எஞ்சின் உறையாமலிருக்க ராத்திரி பூராவும் பிளக்கில் மாட்டி வைத்தும் கார் முக்கி முனகித்தான் கிளம்புகிறது, அப்பாவின் முழங்கால் வலியும் அப்படியேதான்.

பல்கலைக்கழகத்தின் பழைய கான்கிரீட் கட்டிடத்தைப் புதுப்பிக்கிறார்கள், அதன் பெரிய வகுப்பறைக்கு விளக்கு அமைப்பது என் வேலை. போன வாரம் மாதிரிக்கு ஒரு பக்கம் மட்டும் போட்டுக் காட்டினோம். சுவரை ஒட்டி மேலிருந்து வெளிச்சத்தைச் சரியவிட்டதில், கான்கிரீட் ஊற்றியபோது அடித்த பலகையின் ரேகைகூட எழும்பி நின்றது. எலக்ட்ரீஷியன் டெரெக், "சுவத்துக்கு மேக்கப் போட்டாச்சு ஹலீனா, இனி மாப்பிள்ளை பாக்க வேண்டியதுதான்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது மாணவர்கள் சார்பில் வந்திருந்த பிரியெல் என்ற காது கேளாத பெண் கையால் பேசினாள், கூட வந்தவர் எங்களுக்குச் சொன்னார்: "சுவர் நல்லாத் தெரியுது. பேசுறவங்க மூஞ்சிதான் இருட்டா இருக்கு. உதட்டையும் கையையும் பாத்துத்தானே நான் பாடம் படிக்கணும்." இருபத்தாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், மாதிரி விளக்கு போட்டால் நாங்கள் எல்லோரும் சுவரைத்தான் பார்ப்போம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. உதட்டைப் பார்த்துப் பேச்சறியும் மகளைப் பெற்ற எனக்குமா அது தோன்றவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அத்தனையையும் கழற்றச் சொல்லிவிட்டேன், டெரெக் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிறு மதியம் நம் சாப்பாட்டு மேசையில் உன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே ஜன்னல், அதற்கு முதுகு காட்டி அப்பா. வெளியே கிடந்த பனியின் வெளிச்சத்தில் கண் கூசியது, அவர் முகம் கரிக்கட்டையாக இருந்தது, வாயைப் பார்த்து ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அந்த நாற்காலியில்தான் உன்னைப் பதினெட்டு வருஷம் உட்கார வைத்தேன். என்ன சொன்னீங்க என்று நீ கேட்கும்போதெல்லாம் "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்றேன், ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டில் எல்லோரும் சிரித்தபோதும் அதையேதான் சொன்னேன். உன்னைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நினைத்து எழுந்து போனவள், அதற்குப் பிறகு வீட்டுக்கே வரவில்லை. தப்பு என்னுடையது கண்ணு, மன்னித்துவிடு. மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டோம், அதற்காக நீ வந்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

கடவுள் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். காதுக் கருவிக்கு பேட்டரி எப்போதும் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். அன்று நாங்கள் சிரித்தது இதற்குத்தான்: அப்பா தன் டையில் பீட்ரூட் சூப்பைக் கொட்டிக்கொண்டு, "அதுக்கும் பசிக்காதா, பாவம்" என்றார். அவ்வளவுதான்.

உன் அம்மா,
ஹலீனா