மன்னியின் வண்ண அட்டை

14 ஜூன் 1987, ஞாயிறு

ராஷ்பிஹாரியில் அண்ணா வீட்டுக்குப் போயிருந்தேன். மன்னி எழுதிய கம்ப்யூட்டர் கேம் தயாராகிவிட்டது. 'ஹவுரா லாஞ்ச்' என்று பெயர். ஆற்றில் ஆகாயத்தாமரையில் சிக்காமல் ஹவுராவிலிருந்து பாபுகாட்டுக்கு லாஞ்சை, பயணிகள் படகை, ஓட்ட வேண்டும். நூறு கேசட் பதிந்து கரியாஹாட்டில் பிஸ்வாஸ் பாபு கடையில் வைக்கப்போகிறாள். நகல் எடுப்பவர்களைத் தடுக்க ஒரு பூட்டும் உண்டு. கேசட்டோடு எண்பது கட்டம் போட்ட ஒரு வண்ண அட்டை. "ஐந்தாம் வரிசை, மூன்றாம் கட்டம், என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டுத்தான் கேம் ஆரம்பிக்கும். ஜெராக்ஸில் நிறம் வராது. கலரில் அச்சடிக்க வசதியில்லாமல் நூறு அட்டைக்கும் மன்னியே ஸ்கெட்ச் பேனாவால் நிறம் போட்டிருக்கிறாள். விரலெல்லாம் பச்சையும் சிவப்பும்.

வந்தவர் போனவரிடமெல்லாம் அண்ணாவுக்கு இதே பேச்சு. ஆபீஸில் ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள் நான். அதை இன்று யாரும் நினைக்கவில்லை.

21 ஜூன்

மன்னி கொடுத்த கேசட்டில் பூட்டை உடைத்துவிட்டேன். லண்டனிலிருந்து அண்ணா வாங்கி வந்த அதே சின்ன கம்ப்யூட்டர், டேப் ரிக்கார்டரிலிருந்து கேம் ஏற்றுகிற மெஷின், என்னிடமும் இருக்கிறதே. புரோகிராமில் விடை சரியா என்று பார்க்கிற வரி ஒன்றே ஒன்று. அதை மாற்றினால் எந்த நிறம் சொன்னாலும் கேம் ஓடும். ஒரு மத்தியானம்கூட முழுசாக ஆகவில்லை.

எதற்குச் செய்தேன்? முடிகிறதா என்று பார்க்கத்தான் — வேறென்ன.

23 ஜூன்

ஆபீஸில் பரமசிவத்திடம் பெருமையடித்துக்கொண்டேன். "மேடம், உங்களை மிஞ்ச ஆளில்லை" என்றார். உடைத்த கேசட்டை ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டார். கொடுத்தேன்.

12 ஜூலை

கரியாஹாட் நடைபாதை. இந்திப் பாட்டு கேசட்டுகளுக்கு நடுவில் 'ஹவுரா லாஞ்ச்', பேனாவால் எழுதின லேபிளோடு. கால்வாசி விலை. எடுத்துப் பார்த்தேன். "கார்டு லாக்பே நா, தீதி" என்றான் விற்பவன். அட்டையே வேண்டாமாம்.

பரமசிவம் யாரிடம் கொடுத்தாரோ. அவரிடம் கொடுத்தது யார்?

2 ஆகஸ்ட்

முதல் வாரம் முப்பத்தொன்று விற்றது. அப்புறம் ஒன்றுகூட இல்லை. இந்த ஊரில் இந்த மெஷின் வைத்திருப்பவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம். நகல் எல்லாரிடமும் போய்விட்டது. பிஸ்வாஸ் பாபு மீதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மன்னி கூப்பிட்டனுப்பினாள். "என் பூட்டு போறாது போலிருக்கு. நீ கெட்டிக்காரி, இன்னும் பலமா ஒண்ணு போட்டுத் தாயேன், சாவித்ரி."

சரி என்றேன். எப்படி வாய் வந்தது எனக்கு?

30 ஆகஸ்ட்

போட்டுக் கொடுத்தேன். வழக்கத்தைவிட வேகமாகப் பதிகிற முறை. டேப்புக்கு டேப் நகல் எடுத்தால் கெட்டுப்போகும். திரும்பி வந்த கேசட்டுகளில் இருவரும் உட்கார்ந்து மறுபடி பதிந்தோம். மன்னி எனக்கு தேங்க்ஸ் சொன்னாள்.

20 செப்டம்பர்

பூஜை சீசன் என்று பிஸ்வாஸ் பாபு மறுபடி வாங்கி வைத்தார். பன்னிரண்டு போயிற்று. ஒன்பது திரும்பி வந்தது. முக்கால்வாசிப் பேர் டேப் ரிக்கார்டரில் ஏறவே மாட்டேன் என்கிறதாம். இன்று நாங்கள் கடையில் இருக்கும்போது பாலிகஞ்ச் டாக்டர் ஒருவர் கேசட்டை மேஜைமேல் வைத்தார். கோபமில்லாமல், வங்காளிகள் அண்ணியைக் கூப்பிடுவதுபோல 'பௌதி' என்றுதான் பேசினார். "பௌதி, பக்கத்து வீட்டுக்காரர் நடைபாதையில் வாங்கியது ஓடுகிறது. காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கிய எனக்குத்தான் ஓடவில்லை."

மன்னி அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். உடைத்தவளும் பூட்டினவளுமான நான் பக்கத்தில் நின்று கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

21 செப்டம்பர்

ஆபீஸ் போகலை.

27 செப்டம்பர்

சொல்லிட்டேன்.

"மன்னி, முதல் பூட்டை உடைச்சது நான்தான்."

அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "எதுக்கு?"

"எல்லாரும் உங்களையே கொண்டாடினா..."

அவள் மிச்ச அட்டைகளையும் அடுக்கி நூல் கட்டினாள். அப்புறம் கேட்டாள்: "விளையாடிப் பாத்தியோ?"

"இல்லே."

"ஒரு தடவைகூட?"

"இல்லே, மன்னி."

"சரி" என்றாள்.

திட்டியிருக்கலாம். காபி கொடுத்தாள். குடிச்சுட்டு வந்தேனே, அதை எப்படிக் குடிச்சேன்?

17 ஜனவரி 1988

பொங்கலுக்குப் போகாததால் இன்று போனேன். நான் உள்ளே நுழைந்தபோது மன்னி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மெஷினை இணைத்திருந்த டிவி திரையில் ஏதோ மஞ்சளாக நகர்ந்தது. என்னைப் பார்த்ததும் ஸ்விட்சை அணைத்தாள். "வா, சாவித்ரி. கரும்பு எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். குரலில் ஒரு குறையும் இல்லை.

அண்ணாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவள் சொல்லவேயில்லை.

"புதுசா ஒண்ணு எழுதிண்டிருக்கா, ட்ராம் வெச்சு. விக்கப் போறதில்லையாம், தனக்குன்னே பண்றாளாம்" என்றான் அண்ணா. "உனக்குத்தான் மொதல்ல காட்டியிருப்பா. எப்படி இருக்கு?"

நன்னாயிருக்கு என்றேன்.