அடுப்புத் திருகுக்குள் ஊதுபத்தித் தாள்

என்னங்க,

இன்று வெள்ளிக்கிழமை காலை நம் அடுப்படியில் இருந்தவர்கள்: உங்கள் அம்மா, உங்கள் தங்கை சாந்தி, நான், படத்தில் முருகன். அவ்வளவுதான். நல்ல நேரம் பார்த்து கேஸ் அடுப்பில் தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் புதிதாகப் போட்டோம்.

நீங்கள் போன பிறகு நாங்கள் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பூண்டு எடுத்து வீட்டுக்குள் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த நேரம். ஒரு நாள் காலையில் கேஸ் கசிந்திருக்கிறது. நானும் அத்தையும் அதைப் பூண்டு வாசனை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். பூம்பாறைக்காரர்களைத் தவிர வேறு யார் இப்படி இருப்பார்கள்? வட்டக்கானலிலிருந்து வந்த சாந்திதான் வாசலிலேயே மூக்கைப் பிடித்தாள்.

"ஏம்மா, நீதான அடுப்ப மூடாம விட்ட? இனி அந்தப் பக்கமே போகாத."

"மூடுனேன்டி. அறுபது வருசமா அடுப்படியில கெடக்கேன், எனக்கா மறக்கும்?"

நானும் அத்தைக்காக வாய் திறக்கவில்லை. அன்று முதல் சமையல் முடிந்ததும் சிலிண்டரையே மூடிவிடுவேன். அன்றிலிருந்து அத்தை காப்பியையே விட்டுவிட்டார்கள். முதல் காப்பியில் ஒரு கரண்டி முருகனுக்கு வைத்த பிறகுதானே குடிப்பார்கள்? தன் கையால் போடாததை எப்படி வைப்பது என்றார்கள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாள் குறித்து வந்தேன். பத்தொன்பது நாள்.

நேற்று அந்தத் திருகு என் கையோடு கழன்று வந்துவிட்டது. கொடைக்கானலுக்குப் பஸ் ஏறி, கடையில் காட்டினேன். கடைக்காரர் ஊசியால் அதன் உள்ளே நெம்பினார். மடித்து மடித்துத் திணித்த ஊதுபத்திப் பாக்கெட்டுத் தாள் வந்தது.

"அக்கா, இந்த ஓட்டை தேஞ்சு பல வருசமாச்சு. யாரோ தாள வச்சே ஓட்டியிருக்காக. திருகு முழுசாச் சுத்திரும், உள்ள கம்பி பாதியிலயே நின்னுரும். தீ கொறஞ்சு காத்துல அணைஞ்சிரும், கேஸ் மட்டும் வந்துக்கிட்டே இருக்கும்."

அத்தை மூடத்தான் செய்திருக்கிறார்கள். அப்படி மடித்துத் திணிப்பது உங்கள் கைவேலைதான்; தாள் நசுங்க நசுங்க மாற்றி வைக்க நீங்கள்தான் இல்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

புதுத் திருகு கச்சிதமாக உட்கார்ந்தது. நானே பற்ற வைத்து, மூடிப் பார்த்தேன். தீ பட்டென்று அணைந்தது. கடைக்காரர் சொன்னதை அப்படியே சொல்லி அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புத்தாம்மா. இனி நீயே காப்பியப் போடு."

"போடுறேன். ஆனா ஒனக்கு மட்டும் சீனி கெடையாது."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். முருகனுக்கு ஒரு கரண்டி வைத்துவிட்டு, அத்தை இரண்டு டம்ளர் குடித்தார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். இனி இந்த வீட்டில் எது பழுதானாலும் பொருளைக் கழற்றிப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் ஆளைக் குறை சொல்வேன்.

வாசல் தாழ்ப்பாள், மோட்டார் சுவிட்சு, மிக்சி... இன்னும் எதெதற்குள் தாள் திணித்து வைத்திருக்கிறீர்கள்? கூடத்துப் படத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தால் போதாது, கனவிலாவது வந்து வெரசா பதில் சொல்லுங்க.

உங்கள் வீட்டுக்காரி, உங்கள் அம்மாவுக்கு மருமகள்,
கமலா