வேறு விசேஷம் இல்லை

டோஹா
22.04.2025

சுதர்ஷினிக்கு,

முன்னால் ‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன் என்று பயந்து, காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

கோயில் திருவிழாவில் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தாயாம். “மருமகளுக்கு விசேஷம் போல இருக்குப்பா” என்று போனில் சொன்ன அம்மா, அடுத்த நொடியே பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் ஊருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. தை மாதம் கொழும்பில் உன் கிருஷாந்தி அக்கா வீட்டில் போய்த் தங்கினாயே, அங்கே என்ன நடந்தது? யார் அவன்? மறைக்காமல் எழுது.

ஜெயகாந்தன்

வட்டகொடை
23.04.2025

அன்புள்ள அத்தானுக்கு,

எனக்கு அந்தச் சொல்லை இன்னும் எழுத முடிகிறது.

கொழும்பில் நடந்தது ஆபரேஷன். இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு புதிதாகப் பொருத்தியிருக்கிறார்கள். உடம்பைக் குறைக்கத்தான். உங்களிடம் சொல்ல வெட்கம். நம் தோட்டத்து லயத்து வீடுகளில் உள்ள பெண்கள் ரத்தம் போதாமல் கிளினிக் மாத்திரையை விழுங்கிக்கொண்டு தேயிலைக் கொழுந்தெடுக்கிறார்கள். அவர்கள் வேலைக்குப் போனதும் பிள்ளைகளை மடுவத்தில் பார்த்துக்கொள்ளும் நான், “தின்னு கொழுத்து வயித்த வெட்டிக்கிட்டா” என்று பேர் வாங்குவதா? அக்காவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

அழகுக்காகச் செய்யவில்லை அத்தான். இன்சுலின் போட்டும் சீனி இறங்கவில்லை. இதயமும் கெட்டுக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். இதே வியாதியோடு தேயிலை மலையில் சுருண்டு விழுந்து போய்ச்சேர்ந்த என் அப்பாவின் முகம்தான் கண்ணில் நின்றது. ஆபரேஷன் முடிந்து, உடம்பு இளைக்கும் முன்பே சீனி இறங்கத் தொடங்கிவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். பிரஷர் மாத்திரையும் குறைந்துவிட்டது. சத்து மாத்திரை மட்டும் ஆயுசுக்கும் விழுங்கவேண்டும்.

திருவிழாவில் அத்தை கைநிறையச் சர்க்கரைப் பொங்கலைத் தந்து, “அம்மன் பிரசாதம், வேணாம்னு சொல்லக்கூடாது” என்றார். மறுக்க வாய் வரவில்லை. இந்த வயிறு அவ்வளவு இனிப்பைத் தாங்காது. சாப்பிட்டதெல்லாம் சட்டென்று குடலுக்குள் இறங்கி, நெஞ்சு படபடத்து, வியர்த்துத் தலை சுற்றிவிடும். ஊர் பார்த்தது அதைத்தான்.

வேறு விசேஷம் இல்லை. நீங்கள் நினைத்த விசேஷமும் இல்லை.

உங்கள்
சுதர்ஷினி

டோஹா
24.04.2025

அன்புள்ள சுதர்ஷினிக்கு,

படித்ததும் பாரம் இறங்கியது. ஆனாலும் லயத்து வாய்கள் சும்மா இருக்காதே. ஆஸ்பத்திரிச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பு. எனக்காக இல்லை, அம்மாவுக்குக் காட்டத்தான்.

ஜெயகாந்தன்

வட்டகொடை
26.04.2025

அத்தானுக்கு,

அத்தை இதோ அடுப்படியில்தான் இருக்கிறார். அவருக்குக் காட்டவேண்டிய சீட்டு எதற்கு டோஹாவுக்குப் போய் வரவேண்டும்?

நேற்றே அவரிடம் எல்லாம் சொல்லித் தழும்புகளைக் காட்டினேன். “என் வாயாலதானே இந்தப் பேச்சு வந்துச்சு” என்று தலையில் அடித்துக்கொண்டார். இன்று விடிந்ததும் பெரட்டுக்களத்துக்குப் போய், வேலைக்குக் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், “என் மருமக தப்பு செய்யல, சீனி வியாதிக்கு ஆபரேஷன் செஞ்சிருக்கா” என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெளியே தலைகாட்டவே முடியாது என்று நினைத்தேன். மத்தியானம் நாகலெட்சுமி அக்கா மடுவத்துக்கு வந்து, “எனக்கும் சீனி இருக்கு, அந்த டாக்டரு பேரு என்னா?” என்று காதோடு கேட்டார். ஊர் நம்பிவிட்டது. நீங்கள்தான் பாக்கி.

சீட்டு என்னிடம் இருக்கிறது. அனுப்பமாட்டேன். பார்க்காமல் நம்ப முடிந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுதவேண்டாம்.

சுதர்ஷினி

டோஹா
04.05.2025

என் அன்புள்ள சுதாவுக்கு,

எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். வெட்கத்தைத் தவிர வேறு காரணமில்லை. சீட்டு வேண்டாம். அம்மாவுக்காக என்று எழுதியது பொய். எனக்குத்தான் கேட்டேன்.

உயிருக்குப் பயந்து ஆபரேஷனுக்குப் போனவள், அதைப் புருஷனிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள். நான் அப்படிப்பட்ட புருஷனாக இருந்திருக்கிறேன். “யார் அவன்” என்று கேட்க எனக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. உன்னிடம் முதலில் கேட்டிருக்கவேண்டியதை இன்னும் கேட்கவில்லை.

ரொம்ப வலித்ததா, சுதா?

ஜெயகாந்தன்