பதினேழாம் எண் படகின் அடுப்பை, பானையில் தண்ணீர் வைத்து மறுபடி சோதிக்கக் கோருதல்

அனுப்புநர்:
வெல்டிங் பட்டறைக்காரர்,
படகுத்துறை இரண்டாம் வாயிலுக்கு எதிர்க்கடை.
(பதினேழாம் எண் படகின் அடுப்பையும் ஐஸ் பெட்டியையும் செய்தவன், அதில் சமைக்கப் போகிறவளின் தகப்பன்)

பெறுநர்:
பாதுகாப்புப் பரிசோதனை அலுவலர் அவர்கள்,
பாய்மரப் படகுப் பந்தயக் குழு,
படகுத்துறை அலுவலகம், முதல் மாடி.

பொருள்: நாளை நண்பகல் புறப்படும் பதினேழாம் எண் பந்தயப் படகின் அடுப்பு கவிழக்கூடியது என்பது பற்றியும், அதற்குக் காரணமான என் மீதே நான் புகார் கொடுப்பது பற்றியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். அதனால் இந்த மனு சில இடங்களில் நீளமாகவும் சில இடங்களில் கோணலாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். விஷயம் மட்டும் கோணல் இல்லை.

1. மேற்படி படகில் ஆறு பேர் பதினோரு நாள் கடலில் இருக்கப் போகிறார்கள். என் மகள் அதில் பாய் இழுக்கிறவள். சமையலும் அவள் பொறுப்பு. இரண்டு வருடம் ஆள் எடுக்கும்போது தேறாமல், இந்த வருடம்தான் இடம் கிடைத்தது.

2. பந்தயப் படகு ஒரு பக்கம் சாய்ந்தபடிதான் ஓடும். அடுப்பும் கூடவே சாய்ந்தால் பானை தரைக்கு வந்துவிடும். ஆகவே அடுப்பை இரு பக்கமும் ஆணியில் ஊஞ்சல் போலத் தொங்கவிடுவோம். படகு சாய்ந்தாலும் அடுப்பு நேராக நிற்கும். நான் செய்த அடுப்பின் அடியில் ஒன்பது கிலோ இரும்புக்கட்டை ஒன்று இருந்தது. அது எதற்கு என்று உண்மையில் எனக்கே தெரியாது. பழைய படகு ஒன்றில் பார்த்தேன், அப்படியே வைத்தேன். என் தொழில் ஞானம் அவ்வளவுதான்.

3. படகுத் தலைவர் எடையில் கறாரானவர். ஆறு பேரின் பல்துலக்கும் பிரஷ்களுக்கும் கைப்பிடியைப் பாதியாக அறுத்தவர். என் வயிற்றைப் பார்த்து, "நல்லவேளை அண்ணே, நீங்க வரல" என்றவர். போன வாரம் அடுப்புக்குக் கீழே குனிந்து பார்த்து, "அண்ணே, இந்த இரும்பு சமைக்குதா?" என்று கேட்டார். "சமைக்கல" என்றேன். "அப்ப கழட்டுங்க" என்றார். நான்கு போல்ட், பத்து நிமிடம், கழற்றிவிட்டேன். என் மீதான முதல் குற்றம் இது.

4. அதே நாளில் ஐஸ் பெட்டியின் சுவரையும் நான்கு அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலமாகச் செதுக்கச் சொன்னார். செதுக்கினேன். ஒன்பது நாள் தாங்க வேண்டிய ஐஸ் இனி ஐந்து நாள் தாங்கினால் பெரிது. வீட்டில் சமைத்து உறையவைத்துக் கொடுத்த குழம்பும் கறியும் அதற்குள் தீர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். இதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து யாரும் சாகப் போவதில்லை. ஆனால் ஆறாம் நாள் முதல் அவர்களுக்குச் சாப்பாடு என்பது உலர்ந்த பொட்டலம்தான். அதைப் பிரித்து, கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால்தான் சோறு.

5. அதாவது, ஆறாம் நாளிலிருந்து மூன்று வேளையும் அந்த அடுப்பின் மேல் ஆறு லிட்டர் தண்ணீர் கொதிக்கும்.

6. கட்டையைக் கழற்றிய பிறகு தாங்கள் பரிசோதனைக்கு வந்த அன்று நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அடுப்பில் பானை இல்லை. தாங்கள் விரலால் தள்ளினீர்கள், அது அழகாக ஆடி நின்றது. "நல்லா ஆடுதே" என்றீர்கள். நானும் பல்லைக் காட்டினேன். தாங்கள் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள். தங்கள் மீது இதில் தவறு ஏதும் இல்லை. வெறும் அடுப்பை யார் தள்ளினாலும் அப்படித்தான் ஆடும்.

7. நேற்றுக் காலை பட்டறையில் டீ போட நினைத்தேன். முதலில் செய்து பார்த்த மாதிரி அடுப்பு ஒன்று பட்டறையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலும் கட்டை இல்லை. நான்கு லிட்டர் தண்ணீரை வைத்துக் கொதிக்கவிட்டேன். பெருமைதான் காரணம், மகள் சமைக்கப் போகிற மாதிரி நானும் சமைத்துப் பார்க்கலாமே என்று லேசாகத் தள்ளினேன். அடுப்பு திரும்பி வரவில்லை. மேலே கனம், கீழே ஒன்றுமில்லை. அப்படியே தலைகீழாகக் கவிழ்ந்தது. நான் பின்னால் குதித்தேன். என் வயதுக்கும் உடம்புக்கும் அது நல்ல குதி என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் இடது பாதம் வெந்துவிட்டது. அந்தக் கட்டை சமைக்காது. ஆனால் சமைப்பவரைக் காப்பாற்றும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

8. வீட்டில் மருந்து போட்ட என் மனைவி முதலில், "இருபது வருஷமா நீங்க செஞ்ச அலமாரிக் கதவு மூடல, இதுல கடலுக்கு அடுப்பு வேற" என்றார். வழக்கமானதுதான். பிறகு கட்டுப் போட்டுக்கொண்டே, "நீங்க குதிச்சிட்டீங்க. அவ எங்க குதிப்பா?" என்று கேட்டார்.

9. ஐயா, இந்த இடத்தைத் தாங்கள் இரண்டு முறை வாசிக்க வேண்டுகிறேன். படகு ஆடும்போது சமைப்பவர் விழாமல் இருக்க, இடுப்பில் ஒரு பட்டையை மாட்டி அடுப்புக்கு முன்னால் கட்டிக்கொள்வார்கள். என் மகளால் பின்னால் குதிக்க முடியாது. எனக்குப் பாதத்தில் விழுந்த கொதிநீர் அவளுக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் விழும். கரை நான்கு நாள் தூரத்தில் இருக்கும். அந்தப் பட்டையை, அறுந்துவிடக் கூடாதே என்று இரட்டைத் தையல் போட்டுத் தைத்ததும் நான்தான். என் மீதான இரண்டாவது குற்றமாக அதையும் எழுதிக்கொள்ளலாம்.

10. நேற்று மாலை நொண்டிக்கொண்டே போய்ப் படகுத் தலைவரிடம் சொன்னேன். "அண்ணே, பரிசோதனைச் சீட்டு கைல இருக்கு. இப்ப ஒரு கிலோ கூடினாலும் திரும்ப எடை போடணும், எங்களத் தள்ளி வச்சிடுவாங்க. ஒண்ணும் ஆகாது, வீட்டுக்குப் போங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நான் வெந்ததை அவர் பார்க்கவில்லை.

11. மகளிடமும் சொன்னேன். "அப்பா, ரெண்டு வருஷம் கரையில நின்னு கையாட்டியிருக்கேன். மூணாவது வருஷமும் ஆட்ட வச்சிடாதீங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. என்னுடைய கட்டுப் போட்ட காலை மட்டும் ஒரு முறை பார்த்தாள்.

12. முத்திரை விழுந்த படகில் தங்கள் அனுமதியில்லாமல் ஓர் ஆணியைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது விதி. அதனால்தான் மகள் பேசாமல் இருப்பதைத் தாங்கிக்கொண்டு தங்களுக்கு எழுதுகிறேன்.

ஆகவே ஐயா, இன்று மாலைக்குள் தாங்கள் படகுக்கு வந்து, பானை நிறையத் தண்ணீர் வைத்து அந்த அடுப்பை ஒரு முறை தள்ளிப் பார்க்க வேண்டும். பச்சைத் தண்ணீரே போதும். கவிழவில்லை என்றால் அந்தத் தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டுப் போங்கள், ஒரு வார்த்தை பேச மாட்டேன். கவிழ்ந்தால், கட்டையைத் திரும்ப மாட்ட எனக்குப் பத்து நிமிடம் அனுமதி வேண்டும். எடையில் தண்டனை உண்டென்றால் அது என்னோடு நிற்கட்டும். இனிமேல் துறைக்குள் நான் ஸ்பேனர் எடுத்துவரக் கூடாது என்று உத்தரவு போட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆறு பேரைக் கரையில் நிறுத்திவிடாதீர்கள். அவர்களில் யாரும் இதைச் செய்யவில்லை.

தங்கள் ஒரு விரல் தள்ளுதலுக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
பட்டறைக்காரர்

இடம்: வீடு
நாள்: பந்தயத்துக்கு முந்தைய நாள், காலை பத்து மணி

பின்குறிப்பு: ஐந்தாம் பத்தியில் நான் "நான்கு லிட்டர்" என்றுதான் எழுதியிருந்தேன். மனுவைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் நான்கை அடித்துவிட்டு, "ஆறு. ஃப்ளாஸ்க்குக்கும் சேர்த்து" என்று பென்சிலால் திருத்தியிருந்தது. அது என் மகளின் கையெழுத்து. வாசலில் வைத்திருந்த இரும்புக்கட்டையையும் காணவில்லை. இப்போதுதான் வாயிற்காவலர் போன் செய்தார்: "என்ன சார், உங்க பொண்ணு ஒரு இரும்பை மடில வச்சிக்கிட்டு ஆபீசர் ரூம் வாசல்ல உக்காந்திருக்கு?" நான் மெதுவாகத்தான் நடந்து வர முடியும், அதனால் இந்த மனுவைப் பட்டறைப் பையனிடம் முன்னால் கொடுத்தனுப்புகிறேன். தாங்கள் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். கதவைத் திறந்து அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஐயா.